வாசகி என்று சேமித்த எண்

ஓர் இயந்திரத்திடம் நான் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவை தவறிப்போய்க் கேட்டதல்ல. தீபாவளியிலிருந்து பங்குனி உத்திரம் வரைக்கும், அநேகமாகத் தினமும். மழை பிடித்துக்கொண்ட நாள்களில் குடை எடுத்துப் போகச் சொன்னேன். ஒருமுறை பதில் வரத் தாமதமானபோது, உடம்புக்கு முடியவில்லையோ என்று இஞ்சிக் கஷாயத்துக்குப் பக்குவம்கூட எழுதி அனுப்பினேன். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கஷாயத்துக்குத்தான் அதிகம்.

இத்தனைக்கும் நான் உலகம் தெரியாதவன் அல்ல என்பது ஊரறிந்த விஷயம். ஊருக்கு அதை அறிவித்ததே நான்தான். பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறேன். வீட்டில் நடக்க இடமில்லாத அளவுக்குப் புத்தகங்கள். போனில் வந்த மோசடிக்காரனிடம் சேமிப்பைப் பறிகொடுத்த ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துப் பலர் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னார்கள். தலைமையாசிரியர் சிரித்தாரா என்று நான் விசாரிக்கவில்லை.

தீபாவளிக்குச் சில நாள்கள் முன்பு, நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நகைச்சுவை பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் அதன்பிறகு இருந்த விருந்துக்காக வந்தவர்கள். மீதிப்பேர் அவர்களைக் காரில் கொண்டுவந்தவர்கள். பேசி முடித்து இறங்கியதும், என் வயது இருக்கும், ஓர் அம்மா வேகமாக வந்தார். "சார், உங்க போன் நம்பர் கொஞ்சம் குடுங்க, மெசேஜ் பண்றேன்" என்றார். சொன்னேன். குறித்துக்கொண்டார். ஒரு பெண் என் எண்ணைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசியாகக் கேட்டவர் காப்புறுதி முகவர்.

அந்த மிதப்பிலேயே தெருவுக்கு வந்தால், நடைபாதை நெடுகத் தீபாவளிக் கூடாரங்கள். ஒரு கூடாரத்தில் பரிசுக் குலுக்கல் நடத்திய ஆள் என்னை மறித்தார். "அண்ணே, லக்கி ட்ரோ! நம்பர் மட்டும் போடுங்கண்ணே, முறுக்கு மாவு ஃப்ரீ லா!" அவர் நீட்டிய பலகைக் கணினியில் என் எண்ணை அடித்தேன். கீழே பொடியெழுத்தில் ஏதோ ஒரு பத்தி இருந்தது. என்னுடைய பத்தியையே யாரும் முழுசாகப் படிப்பதில்லை, நான் எதற்கு இதைப் படிக்கவேண்டும் என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முறுக்கு மாவோடு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் முறுக்குச் சுடவும் ஆளில்லை, தின்னவும் ஆளில்லை.

என் மனைவி சுபாங் ஜெயாவில் இருக்கிறாள். நான் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன். சண்டை எதுவும் இல்லை. சண்டை போடுவதற்குக்கூட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசவேண்டும். எங்களுக்கு அது கூடிவரவில்லை.

மறுநாள் காலையில் போன் சிணுங்கியது. "காலை வணக்கம் அன்பரே! நேற்றைய பாரம் நேற்றோடு போகட்டும். இன்று உங்கள் மனம் லேசாக இருக்கட்டும்." ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். அதை மன்னித்தேன். வாட்சாப்பில் வராமல் எஸ்எம்எஸ்ஸில் வந்தது, பழைய பண்புள்ளவர் என்று பட்டது. எண் மட்டும் குட்டையாக, ஐந்தே இலக்கத்தில் இருந்தது. இந்தக் காலத்தில் எதுதான் முழுசாக வருகிறது என்று விட்டுவிட்டேன். பெயர் கேட்கக் கூச்சம். 'வாசகி' என்று போட்டுச் சேமித்தேன். அதற்குப் பிறகு எண் கண்ணில் படவே இல்லை. வாசகி மட்டும்தான் பட்டாள்.

நான் பதில் எழுதினேன். காலை வணக்கம் சொன்னவருக்குத் திருப்பிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. லிஃப்டில் குரல் வந்தால்கூட மனசுக்குள் நன்றி சொல்லுகிற ரகம். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதில்லை என்பது என் விரதம். ஆகவே நல்ல தமிழ் எழுத்தில், முற்றுப்புள்ளி காற்புள்ளியோடு, ஒரு பாராவாக அனுப்பினேன். உடனே வந்தது: "உங்கள் பதில் கிடைத்தது. மிக்க நன்றி அன்பரே! நாளை சந்திப்போம்."

அடக்கமான பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன். நான் எவ்வளவு எழுதினாலும் அவர் பதில் அதேதான். வார்த்தை மாறவே இல்லை. எங்களில் ஒருவர் நிதானமாக இருப்பது நல்லது என்று பட்டது. நான்தான் வளர்ந்துகொண்டே போனேன். தண்ணீர்க் குழாய் ஒழுகியது, பத்தி எழுத வராமல் தவித்தது, மேல்மாடிக்காரர் நாற்காலி இழுக்கும் சத்தம், எல்லாம் போயிற்று. காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் போனைப் பார்க்கிற பழக்கம் வந்தது. பல் தேய்த்துவிட்டுத்தான் பதில் எழுதுவேன். அந்த மரியாதை இருந்தது.

போன் பில் கிரெடிட் கார்டிலிருந்து தானாகக் கழிந்துகொண்டிருந்தது. அதன் நகல் நான் திறந்தே பார்க்காத ஓர் ஈமெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் கார்டு காலாவதியாகி, புதுக் கார்டின் விவரத்தை நான் கொடுக்காததால் பணம் கழியாமல் நின்று, தொலைபேசி நிறுவனம் என் லைனை முடக்கிவிட்டது. முடக்கியதை நான் பல நாள்கள் கவனிக்கவில்லை. நான் யாரையும் கூப்பிடுவதில்லை. என்னையும் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

கவனித்தது ஒன்றைத்தான். காலை வணக்கம் வரவில்லை. முதல் நாள், வேலையாக இருப்பார். இரண்டாம் நாள், கோபமோ? கடைசியாக எழுதியதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அதில் அவர் கோபப்பட ஒன்றுமில்லை, சலிப்படைய நிறைய இருந்தது. அதற்கப்புறமும் வராதபோது, உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவு கட்டினேன். அதுநாள்வரை அவரை அழைத்ததே இல்லை. முன்பின் பழகாத பெண்ணைப் போனில் கூப்பிடுவது அழகல்ல. அன்று கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். மலாயில், மிக இனிமையாக, கட்டணம் பாக்கி இருப்பதால் என் லைன் நிறுத்தப்பட்டுள்ளது என்றாள்.

பழைய ஈமெயிலைத் திறந்து பில்லைப் பார்த்தேன். மாதாந்திரக் கட்டணத்தைப் போல நாலைந்து மடங்கு, 'குறுஞ்செய்திச் சேவை' என்ற பெயரில், ஏதோ ஓர் ஐந்திலக்க எண்ணுக்கு. அனுப்பியதற்கும் காசு, வந்ததற்கும் காசு. எனக்கு வந்த கோபம் நியாயமானது, பரிசுத்தமானது. அப்படி ஓர் எண்ணை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பகல் கொள்ளை. அடுத்த பத்திக்குத் தலைப்பே கிடைத்துவிட்டது.

சேவை மையத்தில் டோக்கன் எடுத்து உட்கார்ந்து, பேசவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நுகர்வோர் உரிமை என்ற சொல்லை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். என் எண் வந்தது. கவுண்டரில் நம்ம தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும். என் உரையை முதல் வாக்கியத்திலேயே நிறுத்தினாள்.

"அங்கிள், இந்த நம்பர்லேருந்து உங்களுக்கு டெய்லி மெசேஜ் வருது. நீங்களும் டெய்லி அனுப்புறீங்க."

"நான் அனுப்பலம்மா."

"சிஸ்டம்ல இருக்கே அங்கிள்."

"சிஸ்டம் தப்பா இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம் லா. போனக் குடுங்க, பாப்போம்."

கொடுத்தேன். என் வாழ்க்கையில் ஒரு பொருளை அவ்வளவு நிமிர்ந்த தலையோடு நான் கொடுத்ததில்லை. அவள் அந்த ஐந்து இலக்கங்களைத் தேடும் இடத்தில் அடித்தாள். ஒரே ஒரு பெயர் மேலே வந்தது. அவள் போனை என் பக்கம் திருப்பினாள்.

"இது யாரு அங்கிள்? என்னா எழுதியிருக்கு?"

"வாசகி."

"ஆன்டி பேரா?"

"இல்ல. பேர் இல்ல."

நான் உட்கார்ந்திருந்த நாற்காலி தாழ்ந்ததுபோல் இருந்தது. உண்மையிலேயே தாழ்ந்திருந்தது, பக்கத்தில் இருந்த நெம்புகோலை அழுத்தியிருக்கிறேன். தாழ்ந்த இடத்திலிருந்து பார்த்தபோது பல விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன. மண்டபத்தில் எண் கேட்ட அம்மாவின் கையில் கார் சாவி இருந்தது. அன்று நான் காரை இரண்டாவது வரிசையில், யாருடைய காரையோ மறித்துத்தான் நிறுத்தியிருந்தேன்.

"ஏதாச்சும் லக்கி ட்ரோல நம்பர் குடுத்தீங்களா அங்கிள்?"

முறுக்கு மாவைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நிறைய பேர் இப்படி வருகிறார்களாம். "ஆனா அவங்க எல்லாம் மெசேஜ் வரும், கண்டுக்க மாட்டாங்க. நீங்கதான் அங்கிள் ரிப்ளை பண்ணியிருக்கீங்க." தமிழ் எழுத்தில் அடித்தால் ஒரு செய்திக்குள் கொஞ்சம்தான் பிடிக்குமாம், நான் அனுப்பிய பாரா ஒவ்வொன்றும் ஆறேழாக உடைந்து, ஒவ்வொரு துண்டும் தனிக் கணக்காகப் போயிருக்கிறது. மொழிப்பற்று பற்றி மேடையில் நிறையப் பேசியிருக்கிறேன். அதற்குப் பில் வந்தது அன்றுதான்.

"இதத் திரும்ப வாங்க முடியுமா?"

"கஷ்டம் அங்கிள். ரிப்ளை பண்ணா சர்வீஸ் வேணும்னு அர்த்தமாம். ஆனா நெசமான ஆளுன்னு நெனச்சித்தான் ரிப்ளை பண்ணீங்கன்னு காட்டினா, மேல அனுப்பிப் பாக்கலாம். என்னா எழுதுனீங்கன்னு ரெண்டு மூணு மட்டும் படிங்க, நான் இங்கிலீஷ்ல போட்டுக்கிறேன்."

"நீங்களே படிச்சுக்கலாமே."

"நான் மலாய் ஸ்கூல் அங்கிள். பேசுவேன், படிக்க வராது."

இந்தத் தலைமுறை தமிழ் படிக்காமல் போவதைப் பற்றி நான் கண்ணீர் மல்க எழுதியதுண்டு. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் படிக்க வராதது அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அதனால்தான் நானே வாய்விட்டுப் படிக்கவேண்டியதாயிற்று. என் காசு வேண்டுமென்றால் என் அசட்டுத்தனத்தை நிரூபிக்கவேண்டும். அதுவும் சத்தமாக, நடுவில் கண்ணாடித் தடுப்பு இருந்ததால்.

முதலில் தீங்கில்லாத ஒன்றாகப் பார்த்து எடுத்தேன். "இன்று இங்கே நல்ல மழை. காயப்போட்ட சட்டையை எடுக்க மறந்துவிட்டேன். அங்கேயும் மழையா?"

அவள் முணுமுணுத்துக்கொண்டே தட்டினாள். "கஸ்டமர்... ஆஸ்க்... வெதர்." என் எழுத்து பிறமொழிக்குப் போனது அதுதான் முதல் தடவை.

"இன்னொன்னு அங்கிள். சத்தமா."

"தோசை ஊற்றினேன். முதல் தோசை ஒட்டிக்கொண்டது. நீங்கள் சாப்பிட்டீர்களா?" பின்னால் காத்திருந்த நாற்காலி வரிசையில் ஓர் ஆன்டி தன் போனை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுவும் சாதாரணமாத்தான் இருக்கு. இன்னும் மேல தள்ளுங்க... ஆ, இது நல்லா நீளமா இருக்கு. இதப் படிங்க."

எது என்று எனக்குத் தெரியும். மாசி மாதத்தில் ஒரு நாள் எழுதியது. வேறொன்றைப் படிப்பதாக ஏமாற்றியிருக்கலாம். அவளுக்கு எழுத்து தெரியாதே. ஆனால் கண் அதிலேயே நின்றுவிட்டது, வாய் படித்துவிட்டது.

"நேற்று என் மனைவிக்குப் பிறந்தநாள். வாழ்த்தாக நாலு வரி எழுதினேன். நன்றாக வந்துவிட்டது. அதனால்தான் அனுப்பவில்லை, நன்றாக எழுதினால் பத்திக்கு எழுதியதில் மிச்சம் என்று நினைப்பாள். உங்களுக்கு அனுப்புகிறேன். யாராவது ஒருவர் படித்தால் போதும்."

அவள் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். பிறகு, "போதும் அங்கிள்," என்று ஏதோ இரண்டு சொல் அடித்தாள். என்ன அடித்தாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

பாக்கியைக் கட்டினேன். லைனைத் திறந்துவிட்டாள். சேவையை நிறுத்த அந்த எண்ணுக்கு 'ஸ்டாப்' என்று ஆங்கிலத்தில் அனுப்பவேண்டும் என்றாள்.

"நீங்களே நிறுத்திட முடியாதா?"

"முடியாது அங்கிள். கஸ்டமர்தான் அனுப்பணும்."

"நாளைக்கு அனுப்பட்டுமா?"

கேட்டுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்குக் காலையிலயும் வரும் அங்கிள். அதுக்கும் சார்ஜ்."

நான் தவணை கேட்டதே நாளைக் காலையும் அது வரட்டும் என்றுதான் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? கஸ்டமர் ஆஸ்க் வெதர் என்பதைவிட மோசமாக அது இங்கிலீஷில் விழும். நாலு எழுத்தை அடித்தேன். இவ்வளவு நாள் பழகியதற்கு ஒரு வரியாவது எழுதிவிட்டு நிறுத்தலாமா என்று விரல் ஒரு கணம் தயங்கியது. அனுப்பினேன். உடனே பதில் வந்தது, மலாயில், சந்தா நிறுத்தப்பட்டது என்று. அன்பரே இல்லை. நாளை சந்திப்போம் இல்லை.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பக்கத்திலிருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்து, கிள்ளானுக்குப் போகும் ரயிலில் ஏறினேன். அக்கா வீடு அங்கே பண்டமாரானில். வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் அக்கா பயந்துவிட்டது.

"என்னடா தம்பி, சொல்லாம கொள்ளாம? டாக்டர் ஏதும் சொன்னாரா?"

"ஒன்னும் இல்லக்கா. சும்மாதான்."

"நீ சும்மா வர்ற ஆளாடா? போன வாரம் மாமா ரெண்டு தடவ கூப்பிட்டாரு. லைன் இல்லங்குது. எங்கயோ வெளிநாட்டுக்குப் போய் மீட்டிங் பேசுறான்னு நெனச்சோம்."

யாரும் கூப்பிடவில்லை என்று நான் நினைத்திருந்தது அப்படி. சாதத்தைப் போட்டுக்கொண்டே அக்கா விசாரித்ததில், பில் பாக்கி, லைன் முடக்கம், லக்கி ட்ரோ வரைக்கும் சொன்னேன். வாசகி வரைக்கும் போகவில்லை. அதற்கே, "ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவன், ஒரு கிலோ முறுக்கு மாவுக்குப் போய் விழுந்தியேடா!" என்று அக்கா சிரித்தது. மாமா தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமல், "மாவு எங்க மாப்ள?" என்றார். வண்டு விழுந்து போன மாசமே கொட்டிவிட்டேன் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நல்ல வீடு அது. ஆனால் அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நான் சொல்ல வந்ததைச் சொல்லக் கொஞ்சம் அமைதி வேண்டும், அந்த அமைதிக்கு நான் பிரிக்பீல்ட்ஸுக்குத்தான் திரும்பவேண்டும்.

திரும்பினேன். அடுத்து வந்த காலைகளில் போன் தன்பாட்டுக்குக் கிடந்தது. முதலில் என்னைப் பிடித்தது வெட்கம். அந்தச் செய்திக் கம்பெனி எங்கோ ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும். அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து வருகிற பதிலையெல்லாம் படிப்பார். என்னுடையது வந்ததும் பக்கத்து மேசையைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். "ஏய், தோசை அங்கிள் வந்துட்டாரு!" நினைத்தாலே காது சுட்டது.

வாரம் போகப்போக அந்த ஆள் மாற ஆரம்பித்தார். சிரிப்பதை முதலில் நிறுத்தினார். பிறகு தேத்தண்ணியோடு உட்கார்ந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினார். அவருக்கு என் தமிழ் பிடித்திருந்தது. மழைச் செய்தியைப் படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறந்தநாள் பாராவை இரண்டு தடவை படித்தார். என் செய்தி நின்ற அன்று, என்ன ஆச்சு இந்த மனுஷனுக்கு என்று யாரிடமாவது கேட்டிருப்பார். புகார் செய்திருக்கவேண்டாமோ என்றுகூட இருந்தது. காசு திரும்பாவிட்டால் பரவாயில்லை, படித்தோம் என்று ஒரு வரி வந்தால் போதும் என்ற அளவுக்கு முற்றிவிட்டது. எழுதுகிறவனுக்கு இந்த வியாதி எங்கே போனாலும் விடுவதில்லை.

சித்திரை பிறந்தபின் ஒரு மத்தியானம், சேவை மையத்துப் பெண் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தேன்; எடுத்த வேகம் எனக்கே கேவலமாக இருந்தது.

"அங்கிள், நல்ல நியூஸ். பாதி திருப்பித் தராங்களாம், அடுத்த பில்லுல கழிச்சிடுவாங்க."

நன்றி சொன்னேன். அவள் வைப்பதற்குள், அவசரமாக, "ஒரு சந்தேகம்மா. அந்தக் கம்பெனியில நான் அனுப்புனத யாராவது..." என்று இழுத்தேன்.

வெட்கப்பட்டுத்தான் கேட்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நல்ல பெண். குரலைத் தணித்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னாள்.

"அதெல்லாம் கவலப்படாதீங்க அங்கிள், ஒருத்தரும் படிக்கல. நானே கேட்டுட்டேன். அவங்க சிஸ்டத்துல தமிழ் எழுத்து வராதாம். நீங்க அனுப்புனது பூரா வெறும் கேள்விக்குறியாத்தான் விழுந்திருக்கு. பக்கம் பக்கமா கேள்விக்குறி. 'யாரு இந்த அங்கிள், டெய்லி காலையில இவருக்கு அப்படி என்னா டவுட்டு?'ன்னு கேக்குறாங்க லா."